நாலாம் குடிலின் கைப்பிடி

“உங்களுக்கெல்லாம் கோபமே வராதா?”

லோரைன் அம்மா ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். நான் சலவைக் கொட்டகைக்குப் பின்னால் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வயலில் வெட்டுக்கு முன் யாரோ கரும்புத் தோகைக்குத் தீ வைத்திருந்தார்கள். கருஞ்சாம்பல் காற்றில் மிதந்து வந்து வெள்ளை விரிப்பில் ஒவ்வொன்றாக உட்கார்ந்தது. ஊதினால் போய்விடும், விரல் பட்டால் இழுகிவிடும், மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டும். அன்று அது மூன்றாவது துவைப்பு. நான் சிரித்தேன்.

“பாத்தீங்களா ஜெஃப், நான் சொல்லல? கோபம்னா என்னன்னே தெரியாத ஜனங்க!” என்று அவர் தன் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர்கள் ஆஸ்திரேலியாவில் பல்லாரட்டிலிருந்து வருகிறவர்கள். பதினாறு வருஷமாக, எங்கள் தீவில் கரும்பு வெட்டு தொடங்கி, அவர்கள் ஊரில் குளிர் நடுக்கும் சமயத்தில் வருவார்கள். எங்கள் ரிசார்ட்டில் எப்போதும் நாலாம் குடில்தான். கடலைப் பார்த்த வாசல், பக்கத்தில் ஒரு பாதாம் மரம். வேறு குடில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ‘இது எங்க வீடு’ என்று அந்த அம்மா எல்லோரிடமும் சொல்வார். அந்த வீட்டைக் கூட்டி, பெருக்கி, படுக்கை விரித்து, விரிப்பின் மேல் செம்பருத்தி வைப்பவள் கெலெரா அக்கா.

கெலெரா அக்கா வைலோமா கிராமத்துக்காரி. ரிசார்ட் நிற்பதே அவர்கள் கிராமத்து நிலத்தில்தான். எங்கள் வீடு கிராமத்தை ஒட்டி, கரும்பு ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டதும் அவள்தான் என்னைச் சலவையில் சேர்த்துவிட்டாள். “இந்தப் பொண்ணு பேசாது, ஆனா கை நிக்காது” என்று சசி அத்தையிடம் சொல்லிச் சேர்த்தாள். சசி அத்தை சலவைக்குத் தலைவி. “பேசாத பொண்ணா? அப்போ கட்டாயம் வேணும். இங்க இருக்கறதுகள் எல்லாம் பேசியே சோப்பைக் கரைச்சிடுதுகள்” என்றாள் அத்தை.

கெலெரா அக்காவின் புருஷன் மனாசா முன்பு கரும்பு ரயில் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் போன வருஷம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது மற்றக் காலிலும் புண். மகள் லௌடோகா நகரத்தில் நர்ஸ் படிப்பில் இருந்தாள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது கெலெரா அக்காவின் வேலையால்தான். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். லோரைன் அம்மாவுக்கும் தெரியும். அவர் அந்த வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலையும் மரவள்ளியும் சாப்பிட்டுவிட்டு, “கெலெரா என் தங்கச்சி” என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டவர்.

இனோக்கே கெலெரா அக்காவுக்கு அண்ணன். இவள் அம்மாவும் அவர் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அந்தக் கணக்கில் அண்ணன். ரிசார்ட்டில் மராமத்து வேலை முழுவதும் அவர் கையில். பல்பு, குழாய், கூரை, கதவு எல்லாம்.

அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. வைலோமாவில் வயதுக்கு வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒருவர் பேரை ஒருவர் சொல்வதில்லை. ஒரே பாயில் உட்காருவதில்லை. அண்ணன் வருகிற பாதையில் தங்கை வந்தால் ஒருவர் ஒதுங்கி மரத்தடியில் நின்றுவிடுவார்கள். அதுதான் மரியாதை. புயலில் கெலெரா அக்கா வீட்டுக் கூரை பறந்தபோது, அவள் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து இனோக்கே வந்து தகரம் அடித்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்த அக்கா கூரையைப் பார்த்தாள். மறுநாள் அவர் வீட்டுக் கதவில் ஒரு தூக்கு நிறைய மீன் குழம்பு தொங்கியது. அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும். அதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, முன்வாசல் மேசையில் உட்கார்ந்திருந்த விலிமைனா. “ஏழாம் குடில்ல தண்ணி சொட்டுதாம், மராமத்து ஆள்கிட்ட சொல்லு” என்று அக்கா சொன்னால், விலிமைனா இனோக்கேயைக் கூப்பிட்டுச் சொல்வாள். இன்னொன்று, கேப்டன்.

கேப்டன் என்பது நாய். கெலெரா அக்காவின் பின்னாலேயே வேலைக்கு வந்துவிடும். அவசரத்துக்கு ஆள் இல்லையென்றால், இனோக்கே காது கேட்கிற தூரத்தில் நிற்கும்போது அக்கா குனிந்து நாயிடம் சொல்வாள்.

“கேட்டியா கேப்டன், ரெண்டாம் குடில் கதவு சாத்த மாட்டேங்குது. காலையிலேர்ந்து ரெண்டு தடவை சொல்லியாச்சு. சில பேருக்குக் காது மரத்துப் போச்சு போல.”

இனோக்கே கடலைப் பார்த்துக்கொண்டு நாய்க்குப் பதில் சொல்வார். “கேப்டன், ஒரு ஆளுக்கு ரெண்டு கைதான். சொல்றவங்களுக்கு வாய் எத்தனைன்னு கேளு.”

நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். நாங்கள் துணி மடித்துக்கொண்டே வயிறு வலிக்கச் சிரிப்போம். பழைய மேனேஜர் லெவுக்கா பக்கத்துக்காரர், இந்த நாட்டிலேயே பிறந்தவர். யார் யாரோடு பேச மாட்டார்கள் என்று பார்த்துத்தான் வேலையைப் பிரித்துக் கொடுப்பார். நாய்க்குக் கறி போடச் சொல்லிச் சமையலறைக்கே உத்தரவு இருந்தது.

போன வருஷம் ரிசார்ட் கை மாறியது. புது மேனேஜராக ஸ்டூவர்ட் என்பவர் நியூசிலாந்திலிருந்து வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் கைகொடுத்தார், எல்லோர் பேரையும் பாடம் பண்ணினார். பிறகு மூன்று காரியம் செய்தார். ரிசார்ட்டுக்குள் நாய் கூடாது என்றார். முன்வாசலுக்குக் கம்ப்யூட்டர் வைத்து விலிமைனாவை வீட்டுக்கு அனுப்பினார். அறை பார்க்கும் பெண்களுக்கும் மராமத்து ஆட்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்தார்.

“இனிமே ஒருத்தர் சேதியை இன்னொருத்தர் தூக்கிட்டு ஓட வேண்டாம். நேரா பேசுங்க. வேலையை விட்டுட்டு யாராவது தூது போறதைப் பார்த்தேன், எச்சரிக்கைச் சீட்டுதான்” என்றார். கையையும் தட்டினார். நாங்களும் தட்டினோம்.

கெலெரா அக்கா அந்தக் கருவியை இடுப்பில் கட்டியிருந்த சுலுத் துணியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். பாதாம் மரத்தைத் தாண்டியிருக்க மாட்டாள். இடுப்பிலிருந்து இனோக்கேயின் குரல் வந்தது. “ஹலோ, ஹலோ, கேக்குதா?” அக்கா பாம்பு கடித்தவள் மாதிரி அதைப் பிடுங்கி வாளியில் போட்டாள். வாளியில் தண்ணீர் இல்லாதது நல்ல காலம்.

சலவைக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

“இது என்ன கண்றாவி சசி? எங்கண்ணன் குரல் என் இடுப்புலேர்ந்து வருது!”

சசி அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். “காதுல வை, இடுப்புல ஏன் வைக்கறே?”

“காதுல வச்சா இன்னும் கேவலம்டி. உனக்கு எங்க புரியப் போகுது? நீ உன் அண்ணன் தலையில கரண்டியாலேயே அடிக்கிறவ.”

“அடிக்கிற மாதிரி அண்ணன் வாய்ச்சான், அடிக்கிறேன்.”

அக்கா அந்தக் கருவியை அணைத்துவிட்டாள். மேனேஜர் எதிரில் வந்தால் போட்டுக்கொள்வாள், போனதும் அணைத்துவிடுவாள். எல்லோருக்கும் தெரியும். இனோக்கேக்கு மட்டும் தெரியாது. அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலையில் லோரைன் அம்மா அக்காவுக்குப் போன் செய்தார். அந்த வருஷம் ஜெஃப் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வலது கை விழுந்துவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் அவர் நாலாம் குடிலுக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

“குளியலறையில உக்கார ஒரு பலகை இருக்குல்ல? அதுக்குப் பக்கத்துல ஒரு கைப்பிடி வேணும் கெலெரா. இடது பக்கம். அவருக்கு இடது கைதான் இருக்கு. ஆபீசுக்கு எழுதினேன், ‘உங்கள் அன்புக்கு நன்றி’ன்னு பதில் வந்துது. எனக்கு அவங்களைத் தெரியாது. உன்னைத்தான் தெரியும்.”

“நீங்க கவலைப்படாதீங்க அக்கா. நான் பாத்துக்கறேன்” என்றாள் கெலெரா அக்கா. போனை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களாடி? மேனேஜரை நம்பல, என்னை நம்புது அந்த அம்மா.”

அன்று சாயங்காலம் வீட்டில் மனாசாவிடம் சொன்னாள். ஆண்கள் கூடும் இடத்தில் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து மயக்கம் தரும் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கும்போது மனாசா இனோக்கேயிடம் சொன்னார். இரண்டு பேரும் மாமன் மச்சான். அவர்களுக்குள் எதை வேண்டுமானாலும் பேசலாம், கேலிக்கு அளவே கிடையாது.

“டேய் கூரைக்காரா, உன் தங்கச்சிக்கு ஒரு கைப்பிடி வேணுமாம். நாலாம் குடில் குளியலறையில. வெள்ளைக்காரர் வழுக்கி விழக் கூடாதாம்.”

“ஒத்தக் கால்ல நீ விழாம நிக்கறே. அவருக்கென்ன?”

“எனக்குப் பொண்டாட்டி இருக்கா பிடிச்சுக்க. அவருக்குக் கைப்பிடி.”

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கிண்ணம் வந்தது. எந்தப் பக்கம் என்பதை மனாசா சொல்ல மறந்துவிட்டார்.

லோரைன் அம்மாவும் ஜெஃப் ஐயாவும் வரும் நாள் காலையில் கெலெரா அக்கா நாலாம் குடிலைத் துடைத்து, விரிப்பு மாற்றி, செம்பருத்தி வைத்து, குளியலறைக்குள் போனாள். சுவர் வெறுமையாக இருந்தது. வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். நாய் இல்லை. முன்வாசல் மேசையில் கம்ப்யூட்டர் மட்டும் இருந்தது. மனாசாவுக்குப் போன் செய்தாள். அவர் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. கடைசியில் எங்களிடம் வந்தாள்.

“சசி, ஒரு எட்டு போய் அங்க சொல்லிடு. கைப்பிடி இன்னும் வைக்கலன்னு. இடது பக்கம்னு.”

சசி அத்தை கதவுப் பக்கம் பார்த்தாள். ஸ்டூவர்ட் முற்றத்தில் நின்று வரவேற்புக்கு மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“நான் இங்கேர்ந்து நகர்ந்தா அந்த ஆளு சீட்டுக் கிழிப்பான். எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. நீயே அந்தப் பெட்டியில சொல்லேன்டி. ஒரு வார்த்தை. யாரு பாக்கப் போறா?”

“யாரு பாக்கறாங்கன்றதா விஷயம்?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இஸ்திரி உருளையில் விரிப்பை விட்டுக்கொண்டிருந்தேன். “அவ கைய எடுத்தா மெஷின் துணியைத் தின்னுடும்” என்றாள் அத்தை.

அக்கா கருவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கட்டை விரல் பொத்தான் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. “அவருக்குத் தெரியும். வச்சிடுவார். எங்க வீட்டுக்காரர்தான் சொல்லியிருக்காரே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதைத் திரும்பச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அதே நேரத்தில் இனோக்கே நாலாம் குடிலுக்குள் கையில் துளை போடும் மெஷினோடு நின்றுகொண்டிருந்தார். பிறகு தோட்டக்காரர்கள் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். அவர்கள் கருவியில் அவர் குரல் கேட்டிருக்கிறது. யார் பேரையும் சொல்லாமல், காற்றைப் பார்த்துப் பேசுகிற மாதிரி.

“நாலாம் குடில்ல கைப்பிடி எந்தப் பக்கம் வேணும்? தெரிஞ்சவங்க சொல்லலாம்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. “எந்தப் பக்கம்னு தெரிஞ்சா நல்லது. சுவத்துல கல்லு பதிச்சிருக்கு. ஒரு தடவைதான் துளை போட முடியும்.”

“எங்களுக்குத் தெரியாது மாமா, பூவா இருந்தா ரெண்டு பக்கமும் வைப்போம்” என்று தோட்டத்துப் பையன்கள் கேலி செய்திருக்கிறார்கள். மூன்றாவது முறை கேட்டபோது வாசலில் வண்டி வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் வரவேற்புப் பாட்டுக்கு வரிசையில் நின்றோம். கெலெரா அக்கா முன் வரிசையில், மாலையோடு. பாட்டுக்கு நடுவே நாலாம் குடில் பக்கமிருந்து துளை போடும் சத்தம் வந்தது. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

எல்லா மனிதரும் வலது கையால்தானே பிடிப்பார்கள். இனோக்கே கைப்பிடியை வலது பக்கம் வைத்தார். நன்றாகத்தான் வைத்தார். அதில் ஒரு மாட்டைக் கட்டலாம்.

சாயங்காலம் ஜெஃப் ஐயா குளித்துவிட்டு எழுந்திருக்கும்போது இடது பக்கம் கையை நீட்டினார். அங்கே ஈரச்சுவர். தோள்பட்டை எலும்பு முறிந்து, நெற்றி பிளந்துவிட்டது. லோரைன் அம்மா கூச்சலிட்டது கடற்கரை வரை கேட்டது. இனோக்கேதான் முதலில் ஓடினார். ஈரத்தோடு அவரைத் தூக்கி வண்டிக்குக் கொண்டுவந்தார். பின்னால் ஓடிவந்த கெலெரா அக்கா குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரில் கைப்பிடி இருந்த பக்கத்தைப் பார்த்தாள். தலையணை உறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, விமானம் கிடைக்கும்வரை குடிலிலேயே இருக்கச் சொன்னார்கள். மறுநாள் வைலோமாவிலிருந்து மன்னிப்புக் கேட்க வந்தார்கள். அது அவர்கள் வழக்கம். சின்னக் காயமோ பெரிய சாவோ, தவறு செய்தவன் வீட்டார் யங்கோனா வேர்க்கட்டும் பாயும் எடுத்துக்கொண்டு போய், எதிராளி வாசலில் தரையில் உட்கார்ந்து தலை குனிய வேண்டும். அவர்கள் அந்த வேரைத் தொட்டால் முடிந்தது, பிறகு அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. தொடும்வரை எழுந்திருக்கக் கூடாது.

கெலெரா அக்காவும் மனாசாவும் ஒரு பாயில். இனோக்கே தள்ளி, மணலில். குலத்துக்காகப் பேசுகிற பெரியவர் எபெலி நடுவில். நான் மாற்று விரிப்புகளோடு போனவள் பாதாம் மரத்தடியில் நின்றுவிட்டேன்.

லோரைன் அம்மா கதவைத் திறந்தார். தூக்கமில்லாத கண்கள். வேர்க்கட்டையும் பாயையும் பார்த்தார்.

“ஐயோ, வேண்டாம். இன்னிக்கு நிகழ்ச்சி எதுவும் வேண்டாம்.”

“நிகழ்ச்சி இல்லம்மா. மன்னிப்பு” என்றாள் கெலெரா அக்கா.

“எனக்குத் தெரியும்மா, உங்க நல்ல மனசு. ஆனா இதை நான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாப்பாட்டுக் கூடத்துல நீங்க நடத்திக் காட்டிப் பாத்திருக்கேன். எனக்கு இப்போ கைதட்டத் தெம்பில்லை.”

எபெலி தலை குனிந்தபடியே சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் குரல் கனமாக, மெதுவாக வரும். நடுவிலேயே அந்த அம்மா உள்ளே போய்க் கைப்பையோடு வந்தார். எதையோ எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், கடைசியில் மனாசாவின் மடியில் வைத்தார். ஒரு பண நோட்டு. உள்ளேயிருந்து ஜெஃப் ஐயா குழறலாக என்னவோ சொன்னார். “நீங்க படுங்க ஜெஃப்” என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெயில் ஏறியது. கரும்புச் சாம்பல் விழுந்தது. எபெலி பேச்சை எந்த இடத்தில் நிறுத்தினாரோ அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஸ்டூவர்ட் வந்து, விருந்தாளிகளுக்குத் தொந்தரவு, எழுந்து போங்கள் என்று பணிவாகச் சொன்னார். மனாசா நோட்டைக் கதவிடுக்கில் செருகினார். யாரும் தொடாத வேர்க்கட்டை எபெலி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். ஊர் வழியாக அப்படி அதைத் திரும்பக் கொண்டுபோனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர்கள் கிளம்புகிற காலையில் பாட்டு இல்லை. லோரைன் அம்மா வண்டியில் ஏறுவதற்கு முன் கெலெரா அக்காவைக் கட்டிக்கொண்டார். நிறைய பேசினார்.

“உன் மேல எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. தெரியுமா? ரிசார்ட்டைப் பத்தி நெட்டுல எழுதினேன், ஆனா உன் பேரை எழுதல. நீ சொல்லித்தான் இருப்பே, எனக்குத் தெரியும். அந்த மராமத்து ஆளு அக்கறையே இல்லாதவன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அவன்? வாய் இருக்குல்ல? வா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். சிரி கெலெரா. நீ சிரிச்சாத்தான் எனக்கு நிம்மதி.”

கெலெரா அக்கா சிரித்தாள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா எழுதியதை மத்தியானச் சாப்பாட்டின்போது மதுக்கடை எமோசி தன் போனில் சத்தமாகப் படித்தான். “பதினாறு வருடமாக எங்கள் மனதுக்குப் பிடித்த இடம். இந்த முறை பெரிய ஏமாற்றம். சிரிப்புக்குக் குறைவில்லை, ஆனால் சிரிப்புக்குப் பின்னால் சேவை இல்லை. முன்கூட்டியே சொல்லியும் மராமத்து ஆள் கைப்பிடியைத் தவறான பக்கம் வைத்தார். யாரிடமும் கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. இனி வர மாட்டோம்.”

“ஒரே ஒரு நட்சத்திரம் குடுத்திருக்கு. அதுகூட கடலுக்காம்” என்றான் எமோசி. யாரும் சிரிக்கவில்லை. கெலெரா அக்கா மரவள்ளியை உப்பில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் மேசைக் கடைசியில் இனோக்கே தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துண்டுகள் வைக்கும் அறை ஆபீசுக்கு அடுத்தது, நடுவில் கண்ணாடிப் பட்டை ஜன்னல்தான். நான் துண்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டூவர்ட் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார். கெலெரா அக்கா உட்கார்ந்தாள். இனோக்கே உட்காரவில்லை, கதவோரமாக, சுவரைப் பார்த்து நின்றார்.

“உக்காரு இனோக்கே. சரி, நில்லு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ஆளுக்கு ஒரு வாக்கி கொடுத்திருக்கேன். பக்கம் எதுன்னு நீ ஏன் கேக்கல?”

இனோக்கே இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கையில் துண்டோடு நின்றுவிட்டேன். கேட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். மூன்று முறை கேட்டேன், அவள் கருவி அணைந்திருந்தது என்று சொல்ல வேண்டும். தங்கை உட்கார்ந்திருக்கும் அறையில், தங்கையைப் பற்றி.

“கெலெரா, நீ சொல்லு. உன் வாக்கி போட்டுத்தானே இருந்துது?”

அக்கா மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பேரும் என்ன விளையாடறீங்க? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துப் பேசுங்க! இப்போ, என் முன்னாடி. கம்பெனிக்கு நான் பதில் எழுதணும். யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும்.”

கெலெரா அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். இனோக்கே திரும்பாமலே இடுப்பிலிருந்து தன் கருவியைக் கழற்றினார். சாவிக் கொத்தையும் எடுத்தார். இரண்டையும் மேசையில் வைத்தார்.

“நான்தான் ஐயா” என்றார்.

அதற்குப் பிறகும் கெலெரா அக்கா பேசவில்லை.

அன்று இருட்டுவதற்கு முன் நான் என் அம்மா கொடுத்த ரொட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வரும் முன்பே மனாசாவின் குரல் கேட்டது.

“அவன் கேட்டிருக்கான்டி. மூணு தடவை. தோட்டத்துப் பசங்க வந்து சொல்லிட்டுப் போறாங்க. உன் பெட்டி அணைஞ்சிருந்துதா இல்லையா?”

“இருந்துது. என்ன இப்போ? நீங்க பக்கத்தைச் சொல்லாம விட்டீங்க, யங்கோனா உள்ள போனா உங்களுக்கு இடது ஏது வலது ஏது!”

“ஆமா, நான் விட்டேன். எவன் வந்து கேட்டாலும் சொல்றேன், நான் விட்டேன்னு. நீ அங்க ஏன் சொல்லல?”

“அண்ணன் நிக்கறப்போ நான் எப்படிப் பேசறது?”

“அவன் வெளிய போனப்புறம்? அந்த மேனேஜர் தனியாத்தானே உக்காந்திருந்தான்?”

அக்கா அடுப்பில் எதையோ தள்ளினாள். விறகு சரிந்தது.

“சொல்லு. மரியாதைக்கு வாயை மூடினியா, வேலைக்கு மூடினியா?”

“உங்க காலுக்கு மூடினேன்!” என்று அவள் கத்தினாள். “அந்த இன்னொரு காலுக்கு! போதுமா? அவர் ஒத்த ஆளு, எங்க போனாலும் சுத்தியலைப் பிடிச்சுப் பிழைச்சுக்குவார். நான் எங்க போவேன்? பொண்ணு படிப்பை நிறுத்திட்டுத் துணி மடிக்க வருவாளா?”

அப்போதுதான் வாசலில் என்னைப் பார்த்தாள். துணி மடிக்கிற என்னை. ரொட்டியை வாங்கிக்கொண்டாள். “உள்ள வா” என்றாள். நான் வரவில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இனோக்கே சனிக்கிழமை கிளம்பினார். லௌடோகாவில் படகுப் பட்டறையில் வேலை இருக்கிறதாம். அப்படித்தான் எபெலியிடம் சொல்லியிருந்தார். பஸ் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டுமானால் கெலெரா அக்கா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் எங்கள் வேலிக்குள் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு தோளில் பை, மறு கையில் சுத்தியல், உளி வைக்கும் மரப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார்.

அவர் தண்டவாளத்தைத் தாண்டும்போது கெலெரா அக்கா வெளியே வந்தாள். வழக்கப்படி அவள் உள்ளே போயிருக்க வேண்டும், அல்லது மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருக்க வேண்டும். அவள் முற்றத்து நடுவில் நின்றாள். வேலைக்குக் கட்டும் சுலு, சட்டையில் ரிசார்ட் பேர். இடுப்பில் அந்தக் கருவி. அது போடப்பட்டிருந்தது, அதிலிருந்து யாரோ புது ஆள் ஏதோ எண் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அதை அணைத்தாள்.

வாசலில் கேப்டன் படுத்திருந்தது. அவள் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நாயின் தலையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பேச ஆரம்பித்தபோது குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

“கேப்டன், கேக்கறியா? பெட்டியை அணைச்சு வச்சிருந்தது நான்தான். இடது பக்கம்னு தெரிஞ்சும் சொல்லாதது நான்தான். அந்த ரூம்ல எனக்கு வாய் இருந்துது கேப்டன். அவர் வெளிய போன பிறகும் இருந்துது. நான் பேசல.”

இனோக்கே நின்றார். பாதையில், முதுகைக் காட்டிக்கொண்டு. நாய் அவளைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது. வாலை ஒருமுறை தரையில் அடித்தது. எப்போதும் போல அங்கிருந்து பதில் வரும் என்று அது காதைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. அக்காவும் நாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. இனோக்கே பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். நாயிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தார்.